தாலி கட்டாத கல்யாணத்துக்கு ஒரு மனு

சட்டப்படி நான் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஒருவருக்கு மனைவியாக இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் அவருக்கு ஒரு கோப்பிகூடக் கலக்கிக் கொடுத்ததில்லை. அவர் சட்டைக் காலர் எந்த அளவு என்றுகூட எனக்குத் தெரியாது.

மலேசியாவில் எண்பதுகளின் ஆரம்பம் அது. புதுத் திருமணச் சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோயிலில் தாலி ஏறினால் கல்யாணம், அவ்வளவுதான். இனி ஆபீசில் பதிய வேண்டும் என்றார்கள். சரி, ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுப்பது மாதிரி இதுவும் ஒரு வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. குவாட்டர்ஸ் கேட்டு மனு போடக் கல்யாண சர்டிபிகேட் வேண்டுமாம். அதனால் முதலில் பதிவு, தை மாதம் கோயில் கல்யாணம் என்று முடிவானது. ஈப்போவில் ஒரு காலைப் பொழுதில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டோம். அவர் தெலுக் இந்தான் பஸ் ஏறினார். நான் அம்மாவோடு எங்கள் ஊருக்குச் செமோர் பஸ் ஏறினேன்.

தை வருவதற்குள் அவருடைய அப்பா இறந்துவிட்டார். வருடம் திரும்பும்வரை நல்ல காரியம் கூடாது என்றார்கள். காத்திருந்த மாதங்களில் பெரியவர்களுக்குள் பேச்சு கசந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பரிசப் புடவையையும் மோதிரத்தையும் தட்டில் வைத்து எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அடுத்து வந்தவர் லூமுட்டிலிருந்து வந்தார். கடற்படை ஸ்டோரில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்று, “பஸ்ல வேலைக்குப் போறீங்களா? எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?” என்று கேட்டார். அதுவரை என் தூக்கத்தைப் பற்றி எந்த மாப்பிள்ளையும் கவலைப்பட்டதில்லை. இவரை எனக்குப் பிடித்தது, ரொம்பவே பிடித்தது. முதல் நிச்சயம் முறிந்ததை அம்மா மறைக்காமல் சொன்னார். பதிவைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. அது ஒரு சங்கதி என்றே அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கும்தான் தோன்றவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவள் இல்லை நான், ஈப்போவில் டைப்பிஸ்ட். அப்படியிருந்தும் புதுப் பதிவுக்கு லூமுட்காரரோடு போன அன்று, கைப்பையிலிருந்து பழைய சர்டிபிகேட்டை எடுத்துக் கவுண்டரில் நீட்டினேன். இதை ரத்து செய்துவிட்டுப் புதியது கொடுங்கள் என்று நல்ல மலாயில் கேட்டேன். தொலைந்த ஐ.சி.க்குப் புது ஐ.சி. கேட்கிற தோரணை. அந்த மலாய்க்காரப் பெண் சர்டிபிகேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, விவாகரத்துக்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றாள். லூமுட்காரர் சத்தம் போடவில்லை. “வாங்க, வெளிய போலாம்” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அம்மா வீட்டில் கொதித்தார். “தாலியே கட்டல லா! தட்டு திருப்பிக் குடுத்தாச்சு, மோதிரம் குடுத்தாச்சு, இன்னும் என்னாத்த அறுக்கிறது?”

வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர். கடை வீட்டு மாடியில் ஆபீஸ். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை என்னிடமும் கேட்டார்.

“எத்தினை நாள் ஒண்டா இருந்தனீங்கள், பிள்ளை?”

“ஒரு நாளும் இல்ல சார்.”

பிள்ளைகள்? இல்லை. சேர்ந்து வாங்கிய வீடு, நகை? இல்லை. ஜீவனாம்சம் கேட்கிறீரா? இல்லை. என் வாழ்க்கையில் அத்தனை ‘இல்லை’யை ஒரே மூச்சில் அதற்கு முன் சொன்னதில்லை. பேனாவை மூடிவிட்டு விளக்கினார். இரண்டு பேரும் சம்மதித்தால் சேர்ந்து மனுப் போடலாம், சண்டை வேண்டாம். ஆனால் பதிந்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. தீர்ப்பு வந்த பிறகும் அது உறுதியாக மூன்று மாதம்.

“கெதியாய் முடிக்க இன்னொரு வழி இருக்கு. சேந்து வாழேல்லை எண்டு சொல்லி, கலியாணமே செல்லாது எண்டு கேக்கலாம். ஆனா அதுக்குக் கோட்டிலை கேள்வி கேப்பினம். டொக்டரிட்டையும் போகவேண்டி வரலாம்.”

டாக்டர் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் கேட்காமலே, வேண்டாம், காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் உடம்புக்குச் சாட்சி கேட்கிற சபையில் நிற்க என்னால் முடியாது. அன்று அது மானமாகத் தெரிந்தது. லூமுட்காரரிடம் ஒரு வருடம் ஆகும் என்றேன். “பரவால்ல, காத்திருப்பேன்” என்றார். அப்போது அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த வருடம் நான் எந்தப் பக்கமும் சேராதவள். கல்யாண வீடுகளில் சுமங்கலிகளைக் கூப்பிட்டால் நான் எழுந்திருக்க முடியாது. கன்னிப் பெண்களைக் கூப்பிட்டால் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். வேலை விட்டு வந்து, சாப்பிட்டு, ரேடியோவைக் கேட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். லூமுட்டிலிருந்து முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது, பிறகு மாதம் ஒன்று. பிறகு ஒரு தோழி மூலம் செய்தி வந்தது. அவர் வீட்டில் அவசரப்பட்டார்களாம், வேறு பெண் பார்த்துவிட்டார்களாம். அவருக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்ட அன்று ஆபீசில் லீவு போடவில்லை. ஒரே கடிதத்தை மூன்று தடவை தப்பாக டைப் அடித்தேன்.

அதற்கு மேல் மனுப் போடத்தான் வேண்டுமா என்றுகூட நினைத்தேன். இருந்தாலும் போட்டேன்; தெலுக் இந்தான்காரரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கோர்ட் அன்று அவர், அதாவது என் சட்டப்படியான கணவர், நீளக்கை சட்டை போட்டு வந்திருந்தார். வராண்டா பெஞ்சில் இருவரும் அருகருகே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அத்தனை நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததே இல்லை.

“காலைல சாப்பிட்டீங்களா?” என்றார்.

“சாப்பிட்டேன். நீங்க?”

“இல்ல. விடியக்கால பஸ்ஸுக்கு ஓடி வந்துட்டேன்.”

உள்ளே நீதிபதி, சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா என்று கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பத்து நிமிடத்தில் முடிந்தது.

மூன்று மாதம் கழித்து இறுதி உத்தரவை வாங்கப் போனேன். வக்கீல் உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். நல்ல மனிதர், அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

“இனி ஒரு தடையும் இல்லை, பிள்ளை. நீர் விரும்பினா நாளைக்கே கலியாணம் செய்யலாம்.”

“சரி சார்” என்றேன். யாரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படியிறங்கிக் கடை முன்னால் உறையோடு நின்றேன். இந்தச் செய்தியை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. செமோர் பஸ் இரண்டு போய்விட்டது. மூன்றாவதில்தான் ஏறினேன்.