யோகேஸ்வரி அக்கா திருத்திய விடை

ஞாயிறு காலை புளியந்தீவில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அக்காவின் கணவர் அழைத்தார். "தம்பி, அவ போயிட்டா" என்றார். அக்காவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்த நாளிலிருந்து, கைபேசி அடிக்கும்போதெல்லாம் நான் பயந்துகொண்டிருந்த செய்தி.

வவுணதீவில் பிறந்த யோகேஸ்வரி அக்கா, எங்கள் பல்கலைக்கழகத்தில் சேதன இரசாயனம் கற்பித்தவர். நானும் அங்கே விரிவுரையாளன்; பக்கத்து அறை எனது. அக்கா பதற்றக்காரர்; பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

ஒருமுறை இறுதிப் பரீட்சையில் நேரேற்றம் பெற்ற காபனுக்குப் பக்கத்துக் காபனிலிருந்து ஓர் அணுக்கூட்டம் இடம்பெயரும் காபோகற்றயன் மீளொழுங்காக்கம் பற்றி வினாக் கொடுத்திருந்தார். அடுத்தடுத்த இரு காபன்கள். ஒன்றில் இரண்டு பீனைல் கூட்டங்கள், மற்றதில் இரண்டு மெதைல். இரண்டிலும் ஐதரொட்சில். அமிலத்தில் எது இடம்பெயரும்? பீனைல் என்பது அவருடைய விடை. பீனைலே எளிதில் நகரும் என்று வகுப்பிலும் சொல்லியிருந்தார்.

பெறுபேறு வெளியானபின், சித்தியடையாத பழுகாமத்துப் பிள்ளையொருத்தி வந்து, மெதைல் என்று தான் எழுதியது ஏன் பிழை என்று கேட்டாள். விளக்கத் தொடங்கிய அக்கா பாதியில் நிறுத்தினார். பீனைல்கள் உள்ள காபனில்தான் நேரேற்றம் உறுதியாக நிற்கும். அமிலத்தில் ஐதரொட்சில் நீராகி அங்கிருந்துதான் விலகும்; வெறுமை அங்கேதான் வரும். அப்படியென்றால் பக்கத்துக் காபனிலிருந்து வரக்கூடியது மெதைல் மட்டுமே.

"நீங்க எழுதினதுதான் சரி பிள்ள. பிழை என்னில."

துறைத்தலைவர் பதவிக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்த நேரம். பேசாமல் விடும்படி சிலர் சொன்னார்கள். அக்கா பிழையை ஒப்புக்கொள்ளப் போன நாளில், விஞ்ஞான பீடாதிபதியின் அறைவாசலில் நானும் கூட இருந்தேன். அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டேயிருந்தார். தன்னை நம்பி பீனைல் என்று எழுதிய பிள்ளைகளின் புள்ளி போய்விடுமே என்பதுதான் அவருடைய பயம்.

"நெஞ்சு படபடக்குது தம்பி. இப்ப திரும்பினா மறுகா வரமாட்டன். வாங்க, உள்ளுக்குப் போவம்."

உள்ளே வாதாடினார். தான் படிப்பித்ததை எழுதியவர்களைத் தண்டிக்கக்கூடாது என்றார். இரு விடைகளுக்கும் புள்ளி கிடைத்தது. அந்தப் பிள்ளை சித்தியடைந்தாள். பதவி வேறொருவருக்குப் போனது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தைத் தன் பிழையைச் சொல்லியே தொடங்கினார்: "முதல்ல வெறுமை எங்க வருகுதெண்டு பாருங்க. மறுகா ஆர் நகருறதெண்டு கேளுங்க."

நேற்று வவுணதீவில் அடக்கம் செய்தோம். மழை விடவில்லை. அவரது கணவர் தான் நனைந்தபடி, குடையைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிவரை மடக்கவில்லை.

நாளை அக்காவின் வகுப்புக்கு நான் போகவேண்டும். பூட்டிய கதவை இப்போதே இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் இனிப் பதறாமல் உறங்குங்கள், அக்கா.