படம் மாட்டாத கெபாப் கடை

கெபாப் சாப்பிடுவதற்குக் கொள்கை வேண்டும் என்று முப்பத்தோரு வயது வரை எனக்குத் தெரியாது. பசி இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியில், பான் நகரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகம் விட்டு டிராமுக்கு நடக்கும் வழியில் ஒரு கடை இருந்தது. நின்றபடியே தின்றுவிட்டு வீட்டுக்குப் போவேன். கடைக்காரர் எந்தக் கட்சி என்று நான் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. நிம்மதியான காலம் அது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் மாடி வீட்டு அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடத்துக்கு முன் அகதியாக வந்து, இப்போது தபால் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்த்தார். நான் மாடிப்படியில் நின்று ஊருக்கு போன் பேசியதைக் கேட்டுவிட்டு, அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அன்றே ஒரு டப்பாவில் குழம்பு கொடுத்தார். அதன் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மூன்று வருடக் குழம்புக்குப் பிறகு அந்த வீட்டார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராமல் போனது. அதுதான் வினை.

அவர்களுக்கு ஒரே மகள். இருபத்து நான்கு வயது, பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். தகப்பனுக்கு நான் தம்பி, மகளுக்கு அண்ணா. உறவுமுறையில் அப்படி ஒரு கோளாறு அந்த வீட்டில் எனக்கு இருந்தது. அவள் ஆஹென் நகரத்தில் இருக்கும் ஒரு பையனை விரும்பினாள். அவனும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அண்ணையின் ஊருக்கு அடுத்த ஊர், அதே கோயில், அதே ஆட்கள். தரகர் வைத்துத் தேடினாலும் அப்படி அமையாது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. எண்பதுகளில் அண்ணை ஒரு இயக்கம், பையனின் தகப்பன் வேறு இயக்கம். இரண்டு இயக்கமும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அதில் அண்ணையின் தம்பி செத்துப்போனான். பத்தொன்பது வயது. அந்த வீட்டு வரவேற்பறையில் அவன் படம் இருக்கிறது, அதன் கீழே அக்கா தினமும் பூ வைப்பார்.

இலங்கையில் போர்நிறுத்தம் என்றும் நார்வே நடுவில் நின்று வெளிநாடுகளில் பேச்சுவார்த்தை என்றும் செய்தி ஓடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு ஞாயிறு நான் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தபோது மகள் தகப்பனை மடக்கினாள்.

"அங்க சண்டை பிடிக்கிற ரெண்டு பகுதியும் ஒரு மேசையில இருந்து கதைக்கினம். உங்களுக்கு மட்டும் ஏலாதோ அப்பா?"

அண்ணை டிவியைப் பார்த்தபடியே, "கதைக்கலாம். ஆனா அவன்ர வாசல்ல நான் மிதிக்க மாட்டன். அவனும் இஞ்ச வரக் கூடாது" என்றார். ஆஹெனில் இருந்தும் அதே பதில்தான் வந்தது, ஒரு சொல் மாறாமல். பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள்தான் இடம் பாக்க வேணும். நீங்கள் இந்தியா, ரெண்டு பக்கமும் இல்லை."

அக்கா சமையலறையில் இருந்து கத்தினார். "ஐயோ, இந்தியா எண்டு சொல்லாதேங்கோ! அதுவும் ஒரு பக்கம்தான். நோர்வே எண்டு சொல்லுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. படியிறங்கும்போது மகள் பின்னாலேயே வந்து சொன்னதைக் கேட்டதும் அது போய்விட்டது. "அண்ணா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நகரசபையில, ராட்ஹவுசில கலியாணப் பதிவுக்கு டெர்மின் எடுத்து நாள் குறிச்சிட்டம், நீங்கள்தான் சாட்சி. இன்னும் ஆறு கிழமைதான் இருக்கு. அப்பா சம்மதிக்காட்டியும் போவம். ஆனா போனா அவர் என்னைத் தலைமுழுகிப் போடுவார், அவரை எனக்குத் தெரியும். எனக்கு அவரும் வேணும்." அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறு வாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை பிடிப்பது பெரிய வேலையா என்று நினைத்தேன். இந்திய உணவகம் ஒன்றைச் சொன்னேன். அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். இந்திய உணவகத்தின் முதலாளி பஞ்சாபியாக இருக்கலாம், அடுப்படியில் நிற்பது எல்லாம் யாழ்ப்பாணத்தார். நாங்கள் சூப் குடித்து முடிப்பதற்குள் செய்தி லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விடும். மண்டபங்கள் எல்லாம் ஏதோ ஒரு சங்கத்துக்குச் சொந்தம். கோயிலிலோ நிர்வாகமே இரண்டாக உடைந்து கிடந்தது. கடைசியில் மகள்தான் சொன்னாள், கெபாப் கடையில் தமிழர் யாரும் வேலை செய்வதில்லை என்று. இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். இரு வீட்டாரும் மாடு தொட மாட்டார்கள் என்பதால் ஆட்டிறைச்சிக் கெபாப், உட்கார்ந்து சாப்பிடும் கடை, பானுக்கும் ஆஹெனுக்கும் பொதுவாகக் கொலோனில்.

சனிக்கிழமைதோறும் ரயில் ஏறினேன். முதல் கடையில் ருசி பரவாயில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் போர்வை அளவு துருக்கிக் கொடி. அண்ணையிடம் சொன்னேன்.

"தம்பி, குர்தியரை அவங்கள் என்ன பாடுபடுத்தினவங்கள் எண்டு தெரியுமோ? அந்தக் கொடிக்குக் கீழ இருந்து எனக்கு ஒரு வாய் இறங்காது."

சரி என்று குர்தியர் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இறைச்சி பஞ்சாக இருந்தது, கூடவே சுட்ட மிளகாய் வேறு. உற்சாகத்தில் அங்கிருந்தே ஆஹெனுக்கு போன் போட்டேன். பையனின் தகப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவரில என்ன இருக்கு?" என்றார். ஒரு தலைவரின் படம் இருக்கிறது என்றேன், மாலை போட்டு.

"வேண்டாம் தம்பி. தலைவர் படம் மாட்டின இடத்தில எனக்குச் சாப்பாடு செமிக்காது."

கெபாப்பைத் தின்பவன் நான், செரிக்காதது அவருக்கு! ஈரானியர் கடைக்குப் போனேன். அங்கே இரண்டு கிழவர்கள் மன்னர் காலம் நல்லதா இல்லையா என்று மேசையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஆப்கானியர் கடையில் சுவர் சுத்தமாக இருந்தது. சந்தோஷமாக உட்கார்ந்தேன். முதலாளி வந்து என் முகத்தைப் பார்த்துத் தமிழனா என்று கேட்டார், ஆமாம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உங்கள் சண்டையில் நீ எந்தப் பக்கம் என்று ஆரம்பித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன். உலகத்துச் சண்டை முழுவதும் ஜெர்மனிக்கு வந்து கெபாப் கடை வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வயிறு எரிச்சல் எடுத்து மாத்திரை விழுங்க ஆரம்பித்தேன். மகளோ தினமும் படியில் நின்று, "கிடைச்சதோ அண்ணா?" என்பாள்.

ஐந்தாவது சனிக்கிழமை, ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில் அது கிடைத்தது. சுவரில் ஒரே படம், மலையும் ஏரியும். எந்த ஊர் மலை என்று என் அரைகுறை ஜெர்மனில் விசாரித்தேன். தெரியாது, குளிர்பானம் போடுகிறவன் கொடுத்த காலண்டர் என்றார் கடைக்காரர். எந்தக் கட்சி என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கம்பியில் கோத்த ஆட்டிறைச்சி ஓரம் கருகி, உள்ளே சாறு நிற்க வந்தது. அடுப்பில் ஊதிய ரொட்டி, வெங்காயத்தில் புளிப்பாக ஒரு சிவப்புப் பொடி. சாப்பிட்டு முடித்தபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அண்ணை அக்காவை அனுப்பிப் பார்த்தார். பையனின் தகப்பன் மகனை அனுப்பிப் பார்த்தார். இருதரப்பும் ஒப்புதல் கொடுத்தது. ராட்ஹவுஸ் டெர்மினுக்கு நான்கு நாளே இருந்தது.

ஞாயிறு நண்பகல். ஜன்னலோரம் நீள மேசை. இந்தப் பக்கம் அண்ணை, அக்கா, மகள். அந்தப் பக்கம் பையன், தாய், தகப்பன். மேசையின் கோடியில் நான். தகப்பன் ஒடிசலான மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். நான் முன்பே சொல்லி வைத்திருந்ததால் உட்கார்ந்ததுமே பெரிய தட்டில் எல்லாம் வந்து இறங்கியது, ஆவி பறக்க. எடுத்துக்கோங்க என்றேன். யாரும் கை வைக்கவில்லை.

"விசயம் முடியட்டும் தம்பி. முடிவாகாமல் சம்பந்த வீட்டார் கை நனைக்கிற வழக்கம் இல்லைத்தானே" என்றார் பையனின் தகப்பன்.

"ஓம், அதுதான் முறை" என்றார் அண்ணை.

எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மதுரைப் பக்கம் பிறந்தவன் நான். என் கூடப்பிறந்த அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சு முடிகிறவரை ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தவன். எனக்குத் தெரியாத வழக்கமா? ஐந்து வாரம் கொடி, படம், மாடு, ஆடு என்று எல்லாம் பார்த்தேன். பேசுவதற்கு முன்னால் சாப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை. இரண்டு பேரும் இத்தனை வருடத்தில் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் என் கெபாப்பைத் தொடுவதில்லை என்பது.

பேசினார்கள். முதலில் நன்றாகவே போனது. நாள், தாலி, ஐயர் என்று வந்து மண்டபத்தில் முட்டியது. அண்ணை தன் இயக்கத்தார் நடத்தும் சங்க மண்டபம் என்றார். எதிரே இருந்தவர், "அந்த மண்டபத்தில கொடி ஏத்தி, விளக்குக் கொளுத்தி, அகவணக்கம் செய்யாமல் ஒண்டும் துவங்காது. ஆருக்கு அகவணக்கம்? எங்கட பக்கத்தில செத்தவைக்கும் சேர்த்தோ?" என்றார். அண்ணையின் முகம் கறுத்தது. கடைக்காரர் வந்து, நன்றாக இல்லையா, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்க முடியவில்லை. அவர் மனம் நொந்து தட்டை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆறியது. விளக்கு யார் கொளுத்துவது என்பதிலேயே ஒரு மணி நேரம் நின்றார்கள். மகள் மேசைத் துணியின் நூலை உருவிக்கொண்டிருந்தாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "போதும் அண்ணை!" என்று கத்திவிட்டேன். "நீங்க யாருக்கு வேணா விளக்கு ஏத்துங்க, ஏத்தாம போங்க. வியாழக்கிழமை இந்த ரெண்டு பேரும் ராட்ஹவுஸ்ல கையெழுத்துப் போடப் போறாங்க. நான்தான் சாட்சி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. நம்பிச் சொன்ன பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

"உண்மையோ பிள்ளை?" என்றார் அண்ணை.

"ஓம் அப்பா."

அண்ணை எழுந்தார். நாற்காலி முதுகில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து, ஒரு கையைத் தப்பாக விட்டு, மறுபடி சரியாக விட்டுப் போட்டுக்கொண்டார். அக்கா அவர் கையைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, நான்தான் முடித்து வைத்தேன் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் நில்லும்" என்றார் பையனின் தகப்பன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உம்மட தம்பியைப் பிடிச்சுக்கொண்டு வந்த அண்டைக்கு நான் எங்கட முகாமில இருந்தனான். விட்டுவிடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம். பயத்தில சொல்லேல்லை. இதைச் சொல்லாமல் உம்மட பிள்ளையை எடுக்க எனக்கு ஏலாது."

பையன் தகப்பனைப் பார்த்த பார்வையில் அவனும் இதை இப்போதுதான் கேட்கிறான் என்று தெரிந்தது. அண்ணை வாசல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அவன் ஏதும் சொன்னவனோ?"

"தண்ணி கேட்டவன்."

"குடுத்தவங்களோ?"

"நான்தான் குடுத்தனான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அண்ணை ஜாக்கெட்டோடே வந்து உட்கார்ந்தார். ஆறி விறைத்துப்போன ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, இறைச்சியைச் சேர்த்து எடுத்து வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார். பிறகு தட்டை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

"நீரும் சாப்பிடும்" என்றார்.