மாட்டு நூதனசாலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்தோம். எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். வேலை கிடைக்காதவர்களும், கிடைத்த வேலைக்கு ஆங்கிலம் போதாதவர்களும் போவோம். நான் இரண்டாவது வகை.

ஒருநாள் ஆசிரியை எங்களை இருவர் இருவராகச் சேர்த்துவிட்டார். மற்றவருடைய ஊரில் பார்க்க வேண்டிய இடங்களைக் கேட்டறிந்து, மறுநாள் வகுப்பின் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் வயதான ஸ்பெயின்காரர். நெடுங்காலம் கட்டட வேலை செய்தவர். கொங்கிறீட் சம்பந்தப்பட்ட ஆங்கிலம் முழுவதும் தெரியும், வேறு ஆங்கிலம் தெரியாது.

அவருடைய மாகாணம் மலையும் கோதுமை வயலும்தானாம். சனம் குறைவு, மியூசியம் என்கிற நூதனசாலை அதிகம். ஓர் ஊரில் ரொட்டிக்கு ஒரு நூதனசாலை, அடுத்த ஊரில் வைனுக்கு. காவலாளி என்று யாரும் இல்லை. பேக்கரியில் திறப்பை வாங்கி, நாமே திறந்து பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும். இவ்வளவையும் அவர் கையாலும் காலாலும் சொன்னார். தன் சொந்த ஊர் வந்ததும் எழுந்து நின்று, கழுத்தைத் தொட்டுக் காட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "கவ், கவ்" என்றார். மாடு என்று விளங்கிக்கொண்டேன்.

மறுநாள் நான் மாட்டு நூதனசாலையைப் பற்றிச் சொன்னபோது ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கத்துப் பால்பண்ணையொன்றில் பிறந்து வளர்ந்தவர். மாடா என்று ஸ்பெயின்காரரிடம் கேட்டார். அவர் கம்பீரமாகத் தலையாட்டினார்.

நான் வந்து உட்கார்ந்ததும் பின்னாலிருந்த மன்னார் அன்ரி குனிந்து கேட்டார்.

"தம்பி, மாட்டை உள்ளுக்கை வைச்சா சாணி ஆர் அள்ளுறது?"

"திறப்பு வைச்சிருக்கிற ஆள்தான் அன்ரி."

அந்தக் கோடையில் ஆசிரியை கணவருடன் ஸ்பெயின் கடற்கரைக்குப் போவதாக இருந்தது. போனவர் பாதையை மாற்றி அந்த மலைக்கே ஏறியிருக்கிறார். விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கிய அன்று முழுக் கதையையும் சொன்னார்.

ரொட்டி நூதனசாலை நன்றாக இருந்ததாம். வைன் நூதனசாலையிலிருந்து கணவரைக் கிளப்புவது கஷ்டமாக இருந்ததாம். மூன்றாவது ஊரில் பேக்கரிக்காரி தந்த திறப்பால் கதவைத் திறந்தால், உள்ளே மாடு இல்லை. சுவரிலும் கூரையிலும் மணிகள். மாட்டு மணி, ஆட்டு மணி, வெடித்துப்போன கோயில் மணி.

ஸ்பெயின்காரர் கழுத்தைத் தொட்டுக் காட்டியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது.

ஆசிரியை பேக்கரிக்குத் திரும்பிப்போய், மாடு எங்கே என்று கேட்டிருக்கிறார். பேக்கரிக்காரிக்கு மனம் பொறுக்கவில்லை. கனடாவிலிருந்து ஒருத்தி மாடு பார்க்க வந்து, ஏமாந்து போவதா? தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பருத்த மனிதர் மண்ணிறப் பசுவொன்றை இழுத்துக்கொண்டு வந்தார். கதவுக்குள் அது நுழையவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். உள்ளே போன பசு ஒருமுறை திரும்பியதில் ஒரு பக்கத்து மணிகள் முழுவதும் சேர்ந்து அடிக்க, ஊரில் யாரோ செத்துப்போனார் என்று பாதிரியார் ஓடிவந்தாராம்.

தன் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த நூதனசாலை அதுதான் என்றார் ஆசிரியை. படமும் எடுத்து வந்திருந்தார். பசு, அதன் கயிற்றைப் பிடித்தபடி ஆசிரியை, பக்கத்தில் அந்தப் பருத்த மனிதர்.

படம் கைமாறிக் கைமாறி ஸ்பெயின்காரரிடம் போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் வயிற்றில் விரலை வைத்து, இது என் தம்பி என்றார். ஊரைவிட்டு வரும்போது ஒல்லியாக இருந்தவனாம். சிரித்தார், சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. அன்ரி துடைக்கத் தன் லேஞ்சியை எடுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, பாவம் மனிசன், கனகாலமாக் கதைக்கேல்லைப் போலை."

அன்று பின்னேரம் ஸ்பெயின்காரர் தன் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாராம். அடுத்த கோடையிலும் ஆசிரியை வருவதென்றால் முன்கூட்டியே சொல்லட்டாம், கதவை அகலமாக்கி வைக்கலாம் என்றாராம் தம்பி.