சைலன்சரின் வண்டி

பின் சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தோம். நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. ஞாயிற்றுக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை வண்டிக்குப் பரிசோதனை.

அப்பா டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் டிரைவர். சொந்த வண்டி. ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் மாறி மாறி ஓட்டும் வகை. மருத்துவமனையின் வாகனப் பிரிவில் வருடத்துக்கு ஒருமுறை எல்லா வண்டிகளையும் பார்ப்பார்கள். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த வண்டிக்கு வேலை கிடையாது. அப்பாவின் வண்டியில் கொஞ்ச நாளாக ஒரு சிவப்பு முக்கோணம் வருவதும் போவதுமாக இருந்தது.

"செவ்வாக்கிழமை அது வராதுல்ல?"

"பார்க்கலாம்ப்பா."

"பார்க்கலாம்னா டாக்டர் சொல்ற மாதிரி இருக்கு. வருமா, வராதா?"

"முதல்ல சாவியைக் கொண்டுபோய் உள்ள வைங்க."

போய் வைத்துவிட்டு வந்தார். நான் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு பெரிய பேட்டரியின் பாதுகாப்புப் பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியச் சற்று நேரம் சும்மா நிற்க வேண்டும். நின்றோம். பெரிய பேட்டரியின் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் அப்பா தானாகவே ஓர் அடி பின்னால் போவார். "படுத்திருக்கு பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி" என்பார். அன்றும் சொன்னார்.

இந்த மாதிரி வண்டிகளின் மின்கோளாறு பார்ப்பதுதான் என் தொழில். எப்போதும் கையில் மல்டிமீட்டர் இருப்பதால் அப்பா எனக்கு வைத்த பெயர் மீட்டர். அப்பாவுக்கு லாரி ஷெட்டில் வைத்த பெயர் சைலன்சர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் கிளீனரிடம்கூட டீ குடிக்கலாமா என்பதைத் தவிர வேறு பேசமாட்டார் என்று சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஆனால் லாரியோடு பேசுவார். எஞ்சின் உறுமுகிற தோரணையை வைத்தே அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு ஓட்டுவார். சின்ன வயதில் ஒரு தடவை கூடப் போனபோது கேட்டிருக்கிறேன். "சரி சரி, மேடு முடிஞ்சிருச்சு" என்றார். என்னிடம் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க அம்மாவுடையது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அப்பா லாரியை விட்டார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, குலுக்காத வண்டியாகத் தேடி இந்தக் காரைப் பழையதாக வாங்கினார். முதல் நாள் அம்மா பின்னால் உட்கார்ந்தாள். அப்பா பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. டேஷ்போர்டில் 'ரெடி' என்று பச்சை விளக்கு மட்டும் வந்தது.

"ஏங்க, கிளம்பிருச்சா இல்லையா?"

"கிளம்பிருச்சு."

"நல்லா பார்த்து வாங்கிருக்கீங்க. உங்களை மாதிரியே இருக்கு. உயிரோட இருக்கான்னு தொட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

அம்மா போன பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. அப்பா வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஊர் ஒன்றுதான் எங்களுக்கு. அவர் ஒரு முனை, நான் மறுமுனை. நடுவில் இரண்டு பஸ். வேலை, ஓவர்டைம் என்று எனக்கும் நாள் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் போன் செய்தார். அவராகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"வண்டி கதவு திறக்கல."

"ரிமோட்டை அழுத்திப் பாத்தீங்களா?"

"அழுத்திப் பாத்தேன், திட்டியும் பாத்தேன்."

ஹைபிரிட் வண்டியில் இரண்டு பேட்டரி. ஓட்டுவதற்குப் பெரியது ஒன்று. கதவுப் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் இவற்றை எழுப்பிவிடச் சின்னது ஒன்று. வண்டி ஓடாமல் நின்றால் சின்னது செத்துவிடும். பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் சின்னது போனால் வண்டி கல். நான் போய்ப் பார்த்தேன். அப்பா சாவியை, வண்டி நிற்கும் இடத்தை ஒட்டிய ஜன்னலில் மாட்டிவைத்திருந்தார். சாவி பக்கத்தில் இருக்கும்வரை வண்டி 'ஆள் வந்துவிட்டாரா' என்று அடிக்கடி முழித்துப் பார்க்கும். முழித்து முழித்தே பேட்டரி தீர்ந்திருந்தது. சாவியைச் சமையலறை அலமாரிக்கு மாற்றச் சொன்னேன்.

"பாவம், வருவேன்னு பாத்துட்டே இருந்திருக்கு" என்றார்.

சின்ன பேட்டரி செத்துப்போகாமல் இருக்க வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓட்டுங்கள் என்றேன். எங்கே ஓட்டுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பழைய லாரிக்காரர் ஒருவர் சொல்லித்தான் அப்பா மருத்துவமனை வண்டி வேலைக்குச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு போன் வர ஆரம்பித்தது. எல்லாம் வண்டியைப் பற்றி. பிரேக் மிதித்தால் ஏதோ சிணுங்குகிறது. அது மோட்டார் சார்ஜ் ஏற்றும் சத்தம் என்பேன். நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்துவிடுகிறது. அணையத்தான் வேண்டும் என்பேன். சத்தம் இல்லாததால் வண்டியை அணைத்துவிட்டோம் என்று நினைத்து 'ரெடி'யிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானே கிளம்பி ஓடும். மாடி வீட்டு அக்கா பயந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"அண்ணே, உங்க வண்டியில பேய் ஏறிருக்கு. ஆளில்லாம ஸ்டார்ட் ஆகுது."

"பேய்க்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டீங்களா?" என்றாராம் அப்பா. அந்த அக்கா இதை என்னிடம் சொல்லி, உங்கப்பா பேசினார் என்று ஆச்சரியப்பட்டாள். நானும்தான்.

கடைசியாக வந்தது இந்த முக்கோணம்.

"எப்பப்பா வருது?"

"திரும்பி வர்றப்போ."

"போறப்போ?"

"வராது."

"தினமுமா?"

"இல்ல. சில நாள்."

இரண்டு தடவை வரவழைத்து ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய பேட்டரி சூடாகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. செல்கள் தளர்ந்திருக்கலாம். அப்படியென்றால் மொத்தமாக மாற்ற வேண்டும், செவ்வாய்க்கிழமைக்குள் நடக்காது. இல்லையென்றால் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்றாடியில் கோளாறு. அதைப் பார்க்கத்தான் சீட்டைக் கழற்றினோம்.

"வண்டியை வேலையில இருந்து எடுத்துட்டாங்கன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன், காற்றாடியின் ஸ்க்ரூக்களைத் திருகிக்கொண்டே.

"என்ன செய்யறது. வீட்ல இருப்பேன்."

வீடு எனக்குத் தெரியும். கூடத்தில் ஒரு நாற்காலிதான் சுவரை விட்டுத் தள்ளிக் கிடக்கும். மற்றவை சுவரோடு ஒட்டியே இருக்கும். மேஜையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கவிழ்த்து வைத்தபடி. டிவி இருக்கிறது, பிளக் சொருகியிருக்காது. அவர் 'வீட்ல இருப்பேன்' என்றபோது அது ஏதோ மருத்துவமனையில் சேரச் சொன்னதற்குச் சம்மதிக்கிற மாதிரி இருந்தது.

காற்றாடி வெளியே வந்தது. பேட்டரிக்குக் காற்று, பின் சீட்டின் பக்கவாட்டில் உள்ள ஒரு சல்லடை வழியாகத்தான் போகும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துப் பேட்டரிமேல் ஊதும். அந்தச் சல்லடைக்குப் பின்னால் இருந்த வடிகட்டி முழுக்க அடைத்திருந்தது. சாதாரணமாகத் தூசி, முடி இருக்கும். இதில் பச்சை நிறத்தில் பஞ்சு. மெத்தையாகப் படிந்திருந்தது. விரலால் உரித்தேன். கம்பளி.

"இது என்னப்பா?"

"எது?"

"கையில காட்டறேனே, இதுதான். வண்டியில கம்பளி வெச்சிருக்கீங்களா?"

அப்பா சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த சீட்.

"டிக்கியில இருக்கும்" என்றார்.

டிக்கியில் இருந்தது. தடித்த பச்சைக் கம்பளி, நன்றாகத் துவைத்து மடித்தது.

"யாருக்கு?"

"கணக்கு டீச்சருக்கு."

"எந்தக் கணக்கு டீச்சர்?"

"நம்ம வண்டியில வர்றாங்க. ரிட்டையர் ஆனவங்க. மெஷின்ல ரத்தம் போயிட்டு வருதுல்ல, திரும்பறப்போ நடுங்கும் அவங்களுக்கு. ஏசியை நிறுத்தினா வேர்க்குதும்பாங்க. போட்டா குளிருதும்பாங்க. அதான்."

"எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

காட்டினார். சல்லடைப் பக்கம். கம்பளி மடியிலிருந்து வழிந்து சல்லடையை மூடிக்கொள்ளும். காற்றாடி கம்பளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பேட்டரி மூச்சுமுட்டிச் சூடாகி, விளக்கைப் போடும். டீச்சர் வருகிற நாளில் மட்டும். திரும்பும்போது மட்டும். எல்லாம் பொருந்தியது.

"ஏன்ப்பா முன்னாடியே சொல்லல?"

"நீ வண்டியைப் பத்திக் கேட்டே. கம்பளியைப் பத்தி எங்க கேட்டே?"

நான் பிளக்கைத் திரும்பப் போடும்வரை அப்பா டீச்சரைப் பற்றியே பேசினார். நான் கேட்கவே இல்லை. டீச்சர் ஏறியதும் பேச ஆரம்பிப்பார், இறங்கும்வரை நிறுத்தமாட்டார். தன்னிடம் படித்தவர்களில் யார் என்ன ஆனார்கள் என்று வரிசையாகச் சொல்வார். ஒருவன் கணக்கில் முட்டை வாங்கியவன், இப்போது வங்கி மேனேஜர். 'அந்த பேங்க்ல நான் கணக்கு வெச்சுக்கல, டிரைவர் சார்' என்பாராம். அப்பா சிரிக்கமாட்டாராம். ஆனால் அடுத்த தடவையும் அதே கதையைச் சொல்லச் சொல்லுவாராம். டீச்சருக்கும் வீட்டில் யாரும் இல்லை. மருத்துவமனைப் படிவத்தில் துணைக்கு யார் என்று கேட்ட இடத்தில் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"அந்தப் பக்கம் உக்கார வேண்டாம்னு சொல்லிருங்க."

"அந்தப் பக்கக் கதவுதான் அவங்களுக்கு ஏற வசதி."

"அப்ப கம்பளி வேண்டாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சல்லடைக்கு மேல் சின்னக் கம்பியை வளைத்து, கம்பளி ஒட்டாமல் தள்ளி நிற்க ஒரு தடுப்பு செய்துகொடுத்தேன். கையால் அழுத்திப் பார்த்தார். திருப்தி. சீட்டை இரண்டு பேரும் தூக்கி மாட்டினோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது.

"பாஸ்."

"விளக்கு வரலையா?"

"பாஸ்னு சொல்றேன்ல."

அதற்குப் பிறகு வண்டியில் குறை ஏதும் இல்லை. குறை இல்லாததால் எங்களுக்குப் பேசவும் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் கழித்து, வைப்பர் கொஞ்சம் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். மழையே இல்லாத நாள். சும்மா போட்டுப் பார்த்தேன் என்றார். வந்து பார்க்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள்.

டீச்சரை உள்ளே விட்டுவிட்டு வழக்கம்போல் வண்டியில் காத்திருந்திருக்கிறார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எஞ்சின் அணைந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நிறுத்திய வண்டியில் ஒருவர் தூங்குகிற மாதிரிதான். அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனேன் என்று காவலாளி சொன்னார். மூன்றாவது தடவை போகும்போது எஞ்சின் தானாகக் கிளம்பியிருக்கிறது. டிரைவர் அசையவில்லை, வண்டி மட்டும் உறுமுகிறது. அப்போதுதான் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்.

இதயம் என்றார் டாக்டர். வலித்திருக்காது என்றும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காவலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, வண்டி இன்னும் ஆன்லயே நிக்குது. எனக்கு அணைக்கத் தெரியல."

போனேன். கதவு பூட்டியிருக்கவில்லை. சாவி கப் வைக்கும் குழியில் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்ற விளக்கு எதுவும் இல்லை. பழக்கத்தில் பேட்டரி அளவைப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. அணைக்கப் பொத்தானில் விரலை வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேல்தளத்து நர்ஸ்.

"நீங்க டிரைவரோட பொண்ணா?"

தலையாட்டினேன்.

"கணக்கு டீச்சருக்கு முடிஞ்சிருச்சு. பையை எடுத்துக்கிட்டு லிஃப்ட் பக்கத்துல உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட நாங்க எதுவும் சொல்லல. டிரைவர் வருவார்னு பாத்துட்டிருக்காங்க." கொஞ்சம் நின்று சொன்னாள்: "வேற வண்டி சொல்லட்டுமா?"

அப்பாவை எடுத்துப்போக அனுமதி வர இன்னும் நேரம் இருந்தது. உறவில் சொல்ல வேண்டியவர்கள் அதிகம் இல்லை. சொன்னவர்கள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

வேண்டாம் என்றேன். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தேன்.

நர்ஸ், டீச்சரைக் கீழே கூட்டிவரப் போனாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா உயரமானவர், சீட் பின்னால் தள்ளியிருந்தது. கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். டீச்சர் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவரிடம்தான் வழி கேட்க வேண்டும்.