படி தாண்டி ஜெனீவாவுக்கு

சென்ற வைகாசியில் திருச்சிக்குப் போனேன். கோயில் பார்க்க என்று வீட்டில் சொன்னாலும், ஒரு பதிலை வாங்கிவரத்தான் போனேன். பாலினச் சமத்துவம், நீடித்த வளர்ச்சி பற்றி ஜெனீவாவில் ஐ.நா. கூட்டம். தண்ணீர் விஷயத்தில் பெண்களும் முடிவெடுக்க வேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து கொள்கை எழுதுகின்றன. அங்கே பேச மருங்காபுரிப் பக்கத்து மலர்க்கொடிக்கு அழைப்பு. ஊர்க் குளத்தைத் தூர்வாரி, எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று முடிவு செய்வது அவருடைய மகளிர் குழுதான். நான் மொழிபெயர்ப்பாளர். அன்று மாலைக்குள் அவர் சம்மதிக்காவிட்டால், அவருக்குப் பதிலாக யாரோ ஓர் அதிகாரி பேசுவார்.

கணவர் ராசுவுக்கு மனமில்லை. முரடர் இல்லை, பாவம், பயந்தவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவியைப் பிரிந்து இருந்ததே இல்லையாம். “ஸ்ரீரங்கம் தாயாரைச் சேவிச்சிட்டுச் சொல்றோம் மேடம்” என்றார்.

காலை எட்டு மணிக்குப் பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் சந்தித்தோம். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெண்களுக்கு இலவசம். ராசு மட்டும் டிக்கெட் எடுத்ததைப் பார்த்து மலர்க்கொடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தாயார் சன்னிதி வரிசையில் உள்ளூர் மாமி ஒருவர் விளக்கினார்: “எங்க தாயார் படிதாண்டா பத்தினி. வீதிக்கு எழுந்தருளவே மாட்டார். பெருமாள்தான் இங்க வருவார்.”

ராசுவின் முகம் மலர்ந்தது. “பாத்தியா மலரு? தாயாரே படி தாண்டல.”

போச்சு என்று நினைத்தேன். மலர்க்கொடி நிதானமாகக் கேட்டார்: “அதான் பெருமாளே தேடி வர்றாரேங்க. ஐ.நா. சபை நம்ம ஊருக்குத் தேடி வருமா? நம்ம குளத்தைப் பத்தி இன்னொருத்தர் என்னத்தைச் சொல்லுவாரு? நான் போயிட்டு வரேன்.”

சேவித்து வெளியே வந்ததும், ராசு மனைவிக்குக் கேட்காமல் என்னிடம், “அங்க ரொம்பக் குளுருமா மேடம்?” என்றார்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் போய்விடுங்கள், கல்தரை காலைப் பொசுக்கும். மதியம் நடை சாத்துவார்கள். கொள்கை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: அழைப்பு அனுப்பினால் போதாது, அந்த வீட்டின் பயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது தெப்பக்குளம் கடைவீதியில் இறங்கலாம், எல்லாம் கிடைக்கும். அந்த வெயிலில் ராசு ஸ்வெட்டர் கேட்டபோது கடைக்காரர் சிரித்தேவிட்டார்.

“என்ன சார், ஊட்டிக்கா?”

“இல்லைங்க. எங்க வீட்டம்மா ஜெனீவாவுல பேசப் போறாங்க.”