அக்காவுக்கு நான் அடைத்த வாசல்

எங்கள் அக்கா கீழக்குயில்குடியில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்து, செல்லூருக்கு வாழ்க்கைப்பட்டு, மாமா மறைந்த பின் விசைத்தறியில் நின்று மகனை ஆளாக்கினார். என்னைக் கல்லூரியில் படிக்க வைத்ததும் அவருடைய கூலிதான். அந்தப் படிப்பை வைத்து அவருக்கு நான் செய்ததை அவருடைய இந்த முதலாண்டு நினைவு மலரில் மறைக்க மனம் வரவில்லை.

அவர் குடலில் புற்றுக்கட்டி என்று மருத்துவர் சொன்னார். வேதியியல் ஆசிரியராக இருந்தவன். தேடித் தேடிப் படித்தேன். செல்லின் சவ்வில் சத்துகளை உள்ளே கடத்தும் புரதங்கள் வாசல்கள் போல இருக்கின்றன. புற்றுச்செல் அவற்றைப் பெருக்கிக்கொண்டு சர்க்கரையை வாரி இழுக்கிறது. இதைப் படித்த பின், அக்கா உண்ணும் ஒவ்வொரு கவளமும் கட்டிக்கே போவதாகத் தோன்றியது. சோற்றைக் குறைத்தேன். சீனியை நிறுத்தினேன். தாய்மாமன் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் தட்டுவதில்லை. அக்கா மகனும் தட்டவில்லை.

அக்கா மட்டும் சிரித்தார். "ஏன்டா தம்பி, கட்டியையும் என்னையும் சேத்துல்ல பட்டினி போடுற. மொதல்ல யாரு போவான்னு பாத்தியா?"

"சும்மா இருங்கக்கா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உடல் வற்றியது. இடுப்பில் சேலை நிற்கவில்லை. இந்த உடம்பு தாங்காது என்று அடுத்த மருந்தேற்றத்தை மருத்துவர் தள்ளிவைத்தார். காரணம் கேட்டார், சொன்னேன்.

"சார், நீங்க படிச்சது தப்பில்ல. ஆனா சாப்பாட்ட நிறுத்துனா அந்த வாசல் அடையாது. உடம்பு சதையக் கரைச்சு ரத்தத்துக்குச் சர்க்கரை குடுக்கும். ஒரு வாசல அடைச்சாலும் புத்துச்செல் வேற வாசல் வழியா வேற சத்த இழுத்துக்கும். மருந்துக்கு அடங்காமப் போறதுக்கு அதுவும் ஒரு வழி. வாசல அடைக்கிற மருந்து இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. அம்மாவச் சாப்பிட விடுங்க."

சாப்பிட விட்டோம். போன சதை முழுதாகத் திரும்பவில்லை. சில மாதங்களில் மருந்தும் கேட்காமல் போயிற்று; அக்கா போய்ச் சேர்ந்தார்.

"என்னாலயா, டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். இல்லன்னும் என்னால சொல்ல முடியல."

அந்தப் பதிலோடுதான் ஓராண்டாக இருக்கிறேன். படையலுக்குக் கருப்பட்டிப் பணியாரம் வைக்கும்போது இரண்டு கூடுதலாக வைக்கிறேன்.

மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், தோள் கொடுத்த உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த வீட்டு அம்மாவுக்குத் தனியே ஒரு நன்றி. நான் வீட்டில் இல்லாத வேளைகளில் அக்காவுக்குச் சீனி போட்ட காப்பி கொடுத்தவர் அவர். தெரிந்தபோது, "கொல்லப் பாக்குறீங்களா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். என்னை ஏமாற்றியதற்கு, தாயே, நன்றி.