தாகத்தில் கத்திய ஆட்டுக்குத் தண்ணீர் தர மறுத்தேன்

திருத்தணி மார்க்கெட்டுக்குப் புது மாங்காய் வந்ததும், போன வருஷத்து உப்பு மாங்காய்ச் சாடியைக் கழுவினேன். அடியில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரை, சமையல்கட்டுத் தண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றுவது போலவே ஆட்டின் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டேன். எங்கள் வெள்ளாடு லட்சுமி தவிட்டோடு சேர்த்து முழுவதையும் குடித்துவிட்டது. மதியத்துக்குள் தள்ளாடியது, சுவரில் போய் முட்டியது, தாகத்தில் விடாமல் கத்தியது.

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். "உப்பு ஏறிடுச்சும்மா. தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். ஒரேயடியா குடிச்சா மூளை வீங்கி செத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்தலைக் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ராணியக்கா வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார். "வாயில்லா ஜீவன் கத்திகினு கீது, நீ பாத்துகினு நிக்கிறியே. உனக்கு மனசா, கல்லா?"

"கல்லுன்னே வச்சிக்கக்கா. டாக்டர் ஒரேயடியா குடுக்கக்கூடாதுன்னுட்டாரு, வாளி உள்ள வராது."

என் வீட்டுக்காரரும், "தெருவே சொல்லுதே, வச்சா என்ன?" என்றார். நான் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் சொன்னபடி, விட்டுவிட்டு ஒவ்வொரு டம்ளராக நானே புகட்டினேன். மறுநாள் லட்சுமி தானாக எழுந்து நின்றது.

இப்போது உப்புப் பட்ட தண்ணீர் எதுவும் தொட்டிக்குப் போவதில்லை, நேராகச் சாக்கடைக்குத்தான். தெருவில் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்ற பெயர் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். லட்சுமி தினமும் ராணியக்காவின் செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டு வருகிறது. அதை மட்டும் நான் தடுப்பதில்லை.